கல்யாண போட்டோ, வீடியோ: எத்தனை பேர், எத்தனை மணி நேரம் பேசி வைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டு மண்டபக் கல்யாணம் பெரும்பாலும் ஒரு நாள் கணக்கு. முதல் நாள் மாலை மண்டபத்துக்குள் நுழைந்து ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம், மதியச் சாப்பாடு முடிந்ததும் சாவியை ஒப்படைப்பது. கீழே உள்ள பதில்கள் இந்த அமைப்பை மனதில் வைத்தவை. கோயில், சர்ச், நிக்காஹ் பற்றித் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

ஸ்டுடியோவுக்குப் போன் போடுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

ஒரு தாளில் நேர அட்டவணை போடுங்கள். எந்த நேரம், என்ன சடங்கு, எந்த இடம், யார் யார் இருப்பார்கள் என்று நான்கு கட்டம் போதும். 7.30–9.00 முகூர்த்தம் உள்ள கல்யாணம் என்றால் ஏறக்குறைய இப்படி வரும்:

முதல் நாள் 4.00: மண்டப அலங்காரம், கோலம், பெயர்ப்பலகை
5.00: மணமக்களின் தனிப் படங்கள்
6.00: பக்கத்துக் கோயிலிலிருந்து மாப்பிள்ளை அழைப்பு
7.00–10.00: மேடை வரவேற்பு
மறுநாள் 5.30: பெண் அறையில் பூ, நகை
6.15: மாப்பிள்ளை அறையில் வேட்டி, அங்கவஸ்திரம்
6.45–9.00: மணவறை
9.00–10.00: குடும்பப் படங்கள்
11.30: கிளம்புதல், மறுவீடு

ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் காரியம் நடக்கும் வரிகளை வட்டமிடுங்கள். ஆள் கணக்கை முடிவு செய்வது அந்த வட்டங்கள்தான். முதல் வரியும் கடைசி வரியும் மணிக்கணக்கைச் சொல்லிவிடும். பேக்கேஜ் பட்டியலை முதலில் பார்த்துவிட்டு அதற்குள் கல்யாணத்தை அடக்கப் போனால், தேவையில்லாத இடத்தில் நான்கு பேர் சும்மா நிற்பார்கள். தேவையான நேரத்தில் ஆள் இருக்காது.

ட்ரெடிஷனல், கேண்டிட், சினிமாட்டிக் என்கிறார்களே, எல்லாமே வேண்டுமா?

ஒவ்வொருவர் வேலையும் வேறு. ட்ரெடிஷனல் போட்டோகிராபர் மேடை முன் நின்று, வரும் ஒவ்வொரு குடும்பத்தையும் நேராக நிறுத்தி எடுப்பவர். ட்ரெடிஷனல் வீடியோகிராபர் சடங்கை முதலிலிருந்து கடைசி வரை விடாமல் பதிவு செய்பவர். கேண்டிட் போட்டோகிராபர் யாரையும் நிறுத்தாமல், நடப்பதை நடக்கிறபடி பிடிப்பவர். சினிமாட்டிக் வீடியோகிராபர் 4–6 நிமிட ஹைலைட்ஸுக்காகத் துண்டு துண்டாக எடுப்பவர்.

இளைஞர்கள் பலர் ட்ரெடிஷனலே வேண்டாம் என்கிறார்கள். அதற்கு நாங்கள் உடன்படுவதில்லை. பெரியப்பா குடும்பத்தோடு எடுத்த ஒழுங்கான படம் இல்லையே என்ற குறை ஆல்பம் கைக்கு வந்த அன்றே வீட்டில் எழும். தாத்தா பாட்டி காலத்துக்குப் பின் தேடப்படும் படமும் அதுதான். கேண்டிட் ஆட்களிடம் குடும்பப் படமும் எடுக்கச் சொல்லலாம். ஆனால் அந்த ஒரு மணி நேரம் அவர் கேண்டிட் எடுக்க மாட்டார் என்பதையும் கணக்கில் வையுங்கள். வீடியோவில் ஒன்றுதான் முடியும் என்றால் முழு நீள வீடியோவைப் பிடியுங்கள். முழுப் பதிவு கையில் இருந்தால் ஹைலைட்ஸைப் பிறகுகூட வெட்டிக்கொள்ளலாம். துண்டுகளிலிருந்து முழு வீடியோ செய்ய வழியே இல்லை.

முகூர்த்தத்துக்கு எத்தனை பேர் போதும்?

பணத்தை இங்கேதான் போட வேண்டும்.

‘கெட்டிமேளம்’ என்று குரல் வந்ததிலிருந்து மூன்றாவது முடிச்சு விழும் வரை ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்குள் மாப்பிள்ளை குனிந்து முதல் முடிச்சைப் போடுகிறார். பல வீடுகளில் மீதி இரண்டையும் நாத்தனார் பின்னால் நின்று போடுகிறார். பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், அட்சதை விழுகிறது, சுற்றி நிற்கும் அத்தனை பேரும் செல்போனைத் தூக்குகிறார்கள். எதிரே நிற்கும் கேமராவுக்கு மாப்பிள்ளை முகமும் பெண்ணின் குனிந்த தலையும் கிடைக்கும்; முடிச்சு கிடைக்காது, ஏனென்றால் அது பெண்ணின் பின்கழுத்தில் விழுகிறது. அதற்குப் பக்கவாட்டில் இன்னொருவர் வேண்டும். பெற்றோர் முகம் வேண்டுமானால் மூன்றாவது கண். வீடியோவுக்கு நடுவில் ஸ்டாண்டில் ஒன்று, கையில் ஒன்று.

ஆகவே 500 பேர் வரும் கல்யாணத்தில் முகூர்த்தத்துக்கு 2 போட்டோ, 2 வீடியோ என்பது சரியான அளவு. 150 பேருக்குள் என்றால் 2 போட்டோ, 1 வீடியோ போதும். 1000 பேரைத் தாண்டினால் பந்தியையும் வாசல் வரவேற்பையும் பார்த்துக்கொள்ள ஒருவரைக் கூட்டலாம். எவ்வளவு சின்னக் கல்யாணமாக இருந்தாலும் ஒரே ஒரு போட்டோகிராபரை நம்ப வேண்டாம். கெட்டிமேளம் நேரத்தில் சித்தப்பா ஒருவர் குறுக்கே வந்து நின்றால் எல்லாம் முடிந்தது.

அலங்காரக்காரரிடமும் இரண்டு விஷயம் பேசுங்கள். மணவறைக்கு முன்னால் 6 முதல் 8 அடி காலியாக இருக்க வேண்டும். தாலி கட்டும் நேரத்தில் ஊதா, நீலப் பார் லைட்டுகளை (மேடை வண்ண விளக்குகளை) அணைத்து வெள்ளை வெளிச்சம் மட்டும் வைக்க வேண்டும். முகத்தில் விழுந்த ஊதா நிறத்தை எடிட்டிங்கில் முழுதாக எடுக்க முடியாது. மஞ்சள் பூசிய முகமும் கூறைப்புடவையின் அரக்கும் நிறம் மாறிப்போகும்.

காலையில் எத்தனை மணிக்கு வரச் சொல்வது?

தாலி கட்டும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பெண்ணின் மேக்கப்புக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம். அது முழுக்கப் படம் தேவையில்லை; கடைசி 40 நிமிடம், அதாவது ஜடை, பூ, நகை, நெற்றிச்சுட்டி வைக்கும் நேரம் போதும். மாப்பிள்ளைக்கு 20 நிமிடம். இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், இரண்டு அறையில் நடக்கும். இரண்டாவது போட்டோகிராபர் தேவைப்படும் முதல் இடம் இதுதான்.

பிரம்ம முகூர்த்தம், அதாவது 4.30–6.00 என்றால் குழு 2.30 மணிக்கே மண்டபத்தில் இருக்க வேண்டும். முதல் நாள் இரவு அங்கேயே தங்க ஓர் அறை கொடுத்துவிடுவது நல்லது. சடங்கு முழுவதும் இருட்டிலேயே முடிந்துவிடும் என்பதால் விளக்குக்குத் தனி உதவியாளரையும் கேளுங்கள்.

பத்திரிகையில் ‘7.30 மணிக்கு மேல் 9.00 மணிக்குள்’ என்றுதான் இருக்கும். உத்தேசமாக எத்தனை மணிக்குத் தாலி என்று ஐயரிடம் முன்கூட்டியே கேட்டுக் குழுவிடம் சொல்லுங்கள். குழு டீ குடிக்கப் போகும் நேரத்தில் தாலி கட்டிய கதைகள் இந்தத் தொழிலில் உண்டு.

எங்கள் சமூகத்துச் சடங்கு வேறு மாதிரி. அதனால் கணக்கு மாறுமா?

நிச்சயமாக. ஐயர், ஐயங்கார் கல்யாணத்தில் காசி யாத்திரை வாசலில், மாலை மாற்றலும் ஊஞ்சலும் இன்னோரிடத்தில், பிறகு மணவறை என்று குழு நகர்ந்துகொண்டே இருக்கும். சப்தபதி, அம்மி மிதித்தல், அருந்ததி பார்த்தல் முடிய மதியம் ஆகிவிடலாம். நான்கு மணி நேரப் பேக்கேஜ் அங்கே செல்லாது. கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் இணைச்சீர் (மாப்பிள்ளையோடு அவர் சகோதரி செய்யும் சீர்) போன்ற சீர்களுக்கு ஆள் இருக்க வேண்டும். ரிசப்ஷன் முடிந்ததும் குழு கிளம்பிவிட்டால், இரவில் நடக்கும் சீர்கள் போய்விடும். நகரத்தார் வீட்டில் திருப்பூட்டுதலும் (தாலி கட்டுவது) இசைகுடிமானம் (திருமண ஒப்பந்தம்) எழுதுவதும் விடக்கூடாதவை.

உங்கள் சடங்குகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றிலும் முக்கியமான செய்கை எது, யார் செய்வார் என்று குறித்துக் குழுத் தலைவருக்கு ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள். முன்பு உங்கள் சமூகத்துக் கல்யாணம் எடுத்தவரா என்று கேட்பதில் தவறே இல்லை.

ரிசப்ஷனுக்கு எத்தனை மணி நேரம்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 800 பேர் வருகிறார்கள், சராசரியாக நாலு நாலு பேராக மேடை ஏறுகிறார்கள் என்றால் 200 குழு. ஏறி, பரிசு கொடுத்து, நின்று, படம் எடுத்து, இறங்க ஒரு குழுவுக்கு 40 விநாடி. மொத்தம் 8000 விநாடி, அதாவது இரண்டே கால் மணி நேரம், இடைவெளியே இல்லாமல். 7 மணிக்கு மணமக்கள் மேடை ஏறினால் 9.15. நடைமுறையில் 7.30க்குத்தான் ஏறுவார்கள், நடுவில் கேக் வெட்டுவார்கள், ஒரு நடனம் இருக்கும். 10 மணி ஆகிவிடும்.

இந்த நேரம் முழுக்க உழைப்பவர் ட்ரெடிஷனல் போட்டோகிராபர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு புதிதாகக் கிடைப்பது குறைவு. ரிசப்ஷனுக்கு 3 பேர் போதும். மிச்சமாகும் ஆளைக் காலைக்கு மாற்றுங்கள்.

மணமக்களின் தனிப் படங்களை மேடை ஏறுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். 40 நிமிடம் ஒதுக்குங்கள். வெளியே இயற்கை வெளிச்சத்தில் வேண்டும் என்றால் கார்த்திகையில் மாலை 5.40க்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். ஆனி, ஆவணியில் ஆறரை வரை வெளிச்சம் இருக்கும். மேக்கப் தாமதமானால் முதலில் பலியாவது இந்த 40 நிமிடம்தான். அதனால் ப்யூட்டிஷியனிடம் 5 மணிக்கு ரிசப்ஷன் என்றே சொல்லிவைக்கும் வீடுகள் உண்டு. அது வேலையும் செய்கிறது.

குடும்பப் படங்களுக்குத் தனியாக நேரம் வேண்டுமா?

வேண்டும். முகூர்த்தம் முடிந்ததும் எல்லாரும் பந்திக்குப் போய்விடுவார்கள், அப்புறம் ஒருவரையும் பிடிக்க முடியாது. 12 குழு, குழுவுக்கு 3 நிமிடம் என்று பட்டியல் போட்டால் 36 நிமிடத்தில் முடியும். முகம் தெரிந்த மாமாவோ சித்தியோ ஒருவர், பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். போட்டோகிராபருக்கு உங்கள் அத்தை யார் என்று தெரியாது.

பந்தக்கால், நலங்கு, நிச்சயதார்த்தத்துக்கும் ஆள் வைக்கலாமா?

பந்தக்காலுக்கு வீட்டில் நல்ல செல்போன் வைத்திருக்கும் பிள்ளை போதும். நலங்குக்கு ஒரு கேண்டிட் போட்டோகிராபர், இரண்டு மணி நேரம்: மஞ்சள், சந்தனம், தண்ணீர், பாட்டிகள் சிரிப்பு என்று படத்துக்கு வளமான சடங்கு அது. இரு வீட்டிலும் ஒரே நாளில் நலங்கு என்றால் இரண்டு ஆள் என்பதை மறக்க வேண்டாம். நிச்சயதார்த்தத்துக்கு ஒரு போட்டோ, ஒரு வீடியோ.

பெண் வீட்டார் ஒரு ஸ்டுடியோ, மாப்பிள்ளை வீட்டார் ஒரு ஸ்டுடியோ பேசிவிட்டோம். பரவாயில்லையா?

ரிசப்ஷன் மாப்பிள்ளை வீடு, முகூர்த்தம் பெண் வீடு என்று செலவைப் பிரித்துக்கொள்ளும் குடும்பங்களில் இது சகஜம். ஆளுக்கொரு வேளை என்றால் பிரச்சினை இல்லை. இரண்டு குழுவும் ஒரே வேளையில் மேடைக்கு வந்தால்தான் சிக்கல். எட்டுப் பேர் மணவறையைச் சுற்றி நின்றால் விருந்தினருக்கு அவர்கள் முதுகுதான் தெரியும். ஒருவர் அடிக்கும் ஃப்ளாஷ் இன்னொருவர் படத்தை வெளுப்பாக்கும். ‘இங்கே பாருங்க’ என்று இருவரும் கூப்பிட, மணமக்கள் ஆளுக்கொரு பக்கம் பார்ப்பார்கள்.

ஒரு குழுவை மேடைக்கு முதன்மைக் குழு என்று இரு வீட்டாரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். மற்றக் குழு தன் வீட்டு அறையையும் உறவினரையும் மட்டும் எடுக்கட்டும். தாலி நேரத்தில் யார் எங்கே நிற்பது என்பதை இரண்டு குழுத் தலைவர்களையும் முதல் நாள் மாலையே பேசவிடுங்கள். எடுத்த படங்களை இரு வீட்டாரும் பகிர்ந்துகொள்வது என்று முதலிலேயே பேசிவிட்டால் செலவும் மிச்சம், மனத்தாங்கலும் இருக்காது. சம்பந்தி வீட்டில் கேட்கச் சங்கடமாக இருந்தால், மணமக்கள் இருவரும் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டுப் பெரியவர்களிடம் சொல்வது எளிது.

ட்ரோன், எல்.இ.டி. திரை, லைவ், ப்ரீ வெட்டிங் ஷூட்: எது அவசியம்?

ட்ரோன் மூடிய மண்டபத்துக்குள் பயனற்றது. சத்தத்தில் மந்திரம் கேட்காது, காற்றில் பூவும் அட்சதையும் பறக்கும். திறந்தவெளி, ஊர்வலம், தோப்பு, கடற்கரை என்றால் அழகு. விமான நிலையத்தைச் சுற்றிய பகுதிகளில் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. 2021 ட்ரோன் விதிகள் வந்தபின் எந்த இடம் எந்த மண்டலம் என்பதை மத்திய அரசின் ‘டிஜிட்டல் ஸ்கை’ இணையதள வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். மீனம்பாக்கத்தைச் சுற்றி மண்டபம் எடுப்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

பெரிய மண்டபத்தில் பின்வரிசையில் உட்காரும் முதியவர்களுக்கு எல்.இ.டி. திரை உண்மையாகவே உதவும். 300 பேருக்குள் என்றால் வேண்டாம்.

லைவ், வெளிநாட்டில் நெருங்கிய சொந்தம் இருந்தால் அவசியம். மண்டபத்தில் அப்லோடு வேகம் 8–10 எம்.பி.பி.எஸ். நிலையாகக் கிடைக்கிறதா என்று, கல்யாணம் நடக்கும் அதே நேரத்தில் போய்ச் சோதியுங்கள். காலி மண்டபத்தில் கிடைக்கும் சிக்னல், 800 செல்போன் உள்ளே வந்ததும் கிடைக்காது. இரண்டு வேறு நிறுவன சிம் வைத்திருக்கச் சொல்லுங்கள். சினிமாப் பாட்டு ஓடினால் காப்புரிமைக் காரணத்தால் யூடியூப் ஒளிபரப்பை நிறுத்திவிடக்கூடும். லைவ் நேரத்தில் நாதஸ்வரம் நேராகக் கேட்கட்டும்.

ப்ரீ வெட்டிங் ஷூட் விருப்பம். அதற்கு ஒரே ஒரு நல்ல பயன் உண்டு: போட்டோகிராபரோடு பழகிவிடுவதால் கல்யாணத்தன்று கூச்சம் இருக்காது. அதற்காக முகூர்த்தத்தின் இரண்டாவது ஆளைக் குறைப்பது தவறு.

கோயில், சர்ச், நிக்காஹ்?

கோயிலில் முதலில் அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். எங்கே எடுக்கலாம், கட்டணம் உண்டா, வீடியோ உண்டா என்பது கோயிலுக்குக் கோயில் வேறு. சந்நிதிக்குள் கேமரா கிடையாது. நல்ல முகூர்த்த நாளில் முருகன் கோயில்களில் ஒரே நேரத்தில் பல ஜோடிகள் வரிசையில் நிற்பார்கள். உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். இரண்டு பேர், குறைந்த கருவி, முன்பே இடம் பார்த்து வைப்பது, அவ்வளவுதான்.

சர்ச்சில் பீடத்துக்கு அருகே போக விடமாட்டார்கள் என்பதால் 70–200 மி.மீ. போன்ற தூர லென்ஸ் கட்டாயம். திருப்பலியின்போது ஃப்ளாஷ் அடிக்கலாமா என்று ஃபாதரிடம் கேட்டுவிடுங்கள்.

நிக்காஹ் சீக்கிரம் முடிந்துவிடும், ஆனால் ஆண்கள் பகுதியும் பெண்கள் பகுதியும் தனித்தனி. பெண்கள் பகுதிக்குப் பெண் போட்டோகிராபர் வேண்டும்; அந்தப் படங்களை இணையத்தில் போடக் கூடாது என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

மூன்று கொட்டேஷன் வாங்கினோம். எப்படி ஒப்பிடுவது?

ஆள்-வேளை கணக்கில் ஒப்பிடுங்கள். ரிசப்ஷனுக்கு 3 பேர், முகூர்த்தத்துக்கு 4 பேர் என்றால் 7 ஆள்-வேளை. ஆல்பத்தையும் ட்ரோனையும் கழித்துவிட்டு மீதித் தொகையை 7ஆல் வகுத்துப் பாருங்கள். மலிவாகத் தெரிந்தது சில சமயம் 4 ஆள்-வேளைதான் கொடுக்கும். 18% ஜி.எஸ்.டி. உள்ளேயா வெளியேயா, பயணம், தங்குமிடம் யார் செலவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தரத்தைப் பார்க்க இன்ஸ்டாகிராம் போதாது. அங்கே நூறு கல்யாணத்தின் நூறு நல்ல படங்கள் இருக்கும். ஒரே கல்யாணத்தின் முழுத் தொகுப்பைக் கேளுங்கள். அதில் இருட்டு மண்டபம், ஹோமப் புகை, பந்தி, குழுப் படம் எல்லாம் எப்படி வந்திருக்கின்றன என்று பாருங்கள்.

ஆல்பம் எத்தனை ஷீட்?

12க்கு 36 அங்குல ஆல்பத்தில் ஒரு ஷீட் என்பது விரித்தால் தெரியும் முழு அகலம். ஷீட்டுக்கு 3, 4 படம் இருந்தால் பார்க்க நிம்மதி. 40 ஷீட்டில் 120–160 படம் அடங்கும். அதற்கு மேல் போனால் பக்கங்கள் நெரியும், ஆல்பத்தின் எடையும் கூடும். இரு வீட்டுக்கும் ஒவ்வொன்று என்றால் இரண்டாவது பிரதிக்கு வடிவமைப்புக் கூலி கேட்கக் கூடாது. தாமதம் பெரும்பாலும் படம் தேர்ந்தெடுக்காமல் மாதக்கணக்கில் வைத்திருக்கும் வீட்டாரால்தான். மூன்று வாரக் கெடு வைத்துக்கொள்ளுங்கள்.

பேசும்போது எழுத்தில் வாங்க வேண்டியவை?

யார் நேரில் வருவார் என்ற பெயர்; பெரிய முகூர்த்த நாளில் ஸ்டுடியோக்கள் வெளி ஆளை அனுப்புவது வழக்கம். நேரம் தாண்டினால் மணிக்கு எவ்வளவு. கேமரா இரண்டு கார்டில் ஒரே சமயத்தில் பதிவு செய்யுமா. ஒரு கார்டு கெட்டால் கல்யாணமே போச்சு என்பதால் இதில் சமரசம் வேண்டாம். படம், வீடியோ, ஆல்பம் ஒவ்வொன்றும் என்று கைக்கு வரும். பணத்தைத் தவணையாகக் கொடுங்கள், கடைசித் தவணை ஆல்பம் வரும்போதுதான். விசா விண்ணப்பத்துக்குக் கல்யாணப் படங்கள் கேட்பார்கள், தமிழ்நாட்டில் திருமணப் பதிவையும் 90 நாளுக்குள் செய்ய வேண்டும். ஆகவே 20 படங்களை முதல் வாரத்திலேயே தரச் சொல்லிச் சேர்த்துவிடுங்கள்.

குழுவுக்குச் சாப்பாடு எப்போது என்பதும் எழுதத் தகுந்ததே. கடைசிப் பந்தியில் உட்காரவைத்தால் மேடை முடியும்வரை பட்டினி. இருவர் இருவராக முதல் பந்திகளிலேயே அனுப்புங்கள்.

பட்ஜெட் பாதியாகக் குறைந்தால் எதை வெட்டுவது?

இந்த வரிசையில்: ப்ரீ வெட்டிங், ட்ரோன், எல்.இ.டி. திரை, ரிசப்ஷனின் சினிமாட்டிக் வீடியோ, ஆல்பத்தின் ஷீட். ஆல்பத்தை ஒரு வருடம் கழித்துக்கூடப் போடலாம். முகூர்த்தத்தின் இரண்டு போட்டோகிராபரையும் முழு வீடியோவையும் தொட வேண்டாம்.

எவ்வளவு முன்னால் புக் செய்வது?

மண்டபம் உறுதியான வாரமே. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் வைப்பதில்லை, பலர் புரட்டாசியையும் தவிர்ப்பார்கள். மிச்ச மாதங்களின் வளர்பிறை முகூர்த்தங்கள், அதுவும் ஞாயிற்றுக்கிழமையில் வந்தால், முதலில் போய்விடும். தேய்பிறை நாளோ வார நாளோ என்றால் பேரம் பேசவும் இடம் உண்டு.

எடுத்த கோப்புகளை எப்படிப் பாதுகாப்பது?

4கே வீடியோ 100 எம்.பி.பி.எஸ். வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 45 ஜி.பி. பிடிக்கும். இரண்டு கேமரா பத்து மணி நேரம் ஓடினால் 900 ஜி.பி.; போட்டோ தனி. 2 டி.பி. ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கி ஸ்டுடியோவிடம் கொடுங்கள். ஒன்று உங்கள் வீட்டில், மற்றது சம்பந்தி வீட்டில் இருக்கட்டும். பணம் பாக்கி இல்லாதவரை எடிட் செய்யாத அசல் கோப்புகளையும் தருவார்களா என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே கேளுங்கள்; பெரும்பாலான ஸ்டுடியோக்கள் சில மாதத்தில் தங்கள் பிரதியை அழித்துவிடும்.